ஏழாம் இலக்க வீடு, பார்க்லே தெரு

12 பெப்ரவரி 2025, புதன்

அண்ணாவுக்கு யன்னலோர இருக்கைதான் வேண்டும். நாற்பது வயதாகியும் அந்த அடம் போகவில்லை. விட்டுக்கொடுத்தேன். ரொறன்ரோவிலிருந்து மொன்றியலுக்கு ரயில் பாதையில் 539 கிலோமீற்றர், ஐந்து மணிநேரத்துக்குச் சற்றுக் கூடுதலான பயணம். கிங்ஸ்ரன் தாண்டியதும் வயல்கள் முழுக்க வெள்ளை. வேலிக் கம்பங்களின் தலைகள் மட்டும் வரிசையாகத் தெரிந்தன.

நான் மெல்பேர்னில் பன்னிரண்டு ஆண்டுகளாக இருக்கிறேன். அங்கே இப்போது கொளுத்தும் கோடை. இரண்டு வார விடுமுறையில் அம்மாவைப் பார்க்க வந்தேன். வந்த இடத்தில், நாங்கள் வளர்ந்த தெருவை ஒருமுறை பனிக்காலத்தில் பார்க்கவேண்டும் என்று அண்ணாவைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறேன். 2001இல் ரொறன்ரோவுக்கு வீடு மாறிய பிறகு இரண்டு தடவை போயிருக்கிறேன். இரண்டும் ஆடி மாதம். பனி இல்லாத பார்க்லே தெரு எனக்கு வேறு யாருடையதோ தெருவாகத்தான் இருந்தது.

"போய் எதைப் பார்க்கப் போகிறீர்கள்? அந்தப் பனியெல்லாம் எப்போதோ உருகிப் போயிருக்குமே" என்றார் அம்மா. சொல்லிவிட்டு இரண்டு பேருக்கும் இடியப்பம் கட்டித் தந்தார்.

பனி என்ற சொல் எங்கள் ஊரில் வேறு. யாழ்ப்பாணத்தில் பனி என்றால் மார்கழி, தை மாதங்களில் விடியற்காலை வாழையிலையில் இறங்கும் ஈரம். அம்மம்மா தலையில் துணியைச் சுற்றிவிட்டுத்தான் முற்றத்துக்கு விடுவார். "பனி பிடித்துவிடும் பிள்ளை" என்பார். பிடிப்பது பனிதான், நாங்கள் அதைப் பிடிக்க முடியாது. முன்பனி, பின்பனி என்று இரண்டு காலங்களுக்குப் பெயர் வைத்த மொழியில், கையால் அள்ளி உருட்டக்கூடிய பனிக்குத் தனிச்சொல் இல்லை. மொன்றியல் தமிழர்கள் 'ஸ்னோ' என்றே சொல்லிவிடுவார்கள். நான் இந்தக் குறிப்புகளில் பனி என்றே எழுதப்போகிறேன். அதற்குள் அம்மம்மாவின் துணியும் கிடக்கட்டும்.

நான் 1988இல் பிறந்தவள். 1990இல் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றுவிட்டது. குளிர்பெட்டி என்ற பொருளை ஊரில் நான் வேலை செய்யும் நிலையில் பார்த்ததே இல்லை. 1994இல் கிளாலிக் கடலேரியை இரவில் வள்ளத்தில் கடந்து கொழும்புக்கு வந்தோம். அங்கே தங்கிய லொட்ஜில்தான் முதன்முதலில் ஓர் ஐஸ்கட்டி என் கைக்கு வந்தது. "சுடுகிறது" என்று அழுது அதைக் கீழே போட்டேனாம். அடுத்த பெப்ரவரி, மொன்றியலின் மிராபெல் விமானநிலையத்தில் அப்பா நின்றார். அந்தக் காலத்தில் வெளிநாட்டு விமானங்கள் அங்கேதான் இறங்கும். எங்களுக்காகப் பழைய துணிக்கடையில் வாங்கிய மூன்று தடித்த மேலங்கிகள் அவர் கையில் இருந்தன. பஸ் வெளியே வந்ததும் அண்ணா கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு கேட்டான்:

"அப்பா, இவ்வளவும் உப்பா?"

ஆனையிறவு உப்பளத்தில் வெள்ளை வெள்ளையாகக் குவித்துக் கிடந்ததைச் சண்டைக்கு முன்பு பார்த்தவன் அவன். அப்பா சிரிக்கவில்லை. "இது பனி தம்பி. இதற்கு மேலே உப்பும் போடுவார்கள், வழுக்காமல் இருக்க" என்றார். இன்று ரயிலில் அதை நினைவூட்டினேன். தனக்கு நினைவில்லை என்கிறான். எனக்கு ஆறு வயது, அவனுக்குப் பத்து. நினைவிருக்க வேண்டியவன் அவன்தான்.

இன்றிரவு பெரும் பனிப்புயல் வருகிறதாம். ரயில்நிலையத்தில் எல்லோரும் அதையே பேசினார்கள். எனக்கு உள்ளூர மகிழ்ச்சி.

13 பெப்ரவரி, வியாழன்

காலையில் திரையை விலக்கினால் எதிர்க்கட்டடம் இல்லை. பள்ளிகள் எல்லாம் மூடிவிட்டார்கள். மெற்றோ நிலத்துக்கடியில் ஓடுவதால் இந்த நகரத்தில் எந்தப் புயலிலும் அது வந்துவிடும். பிளாமொண்டோன் நிலையத்தில் இறங்கி மேலே ஏறி வந்தோம். கதவைத் திறந்ததும் அந்தச் சத்தமின்மை. புதிதாக விழுந்த பனி பஞ்சு மாதிரி. இடையிடையே காற்று நிறைந்த துளைகள் இருப்பதால் ஒலியைக் குடித்துவிடுகிறது. அண்ணா இரண்டு அடி முன்னால் பேசிக்கொண்டு போகிறான், குரல் பக்கத்து அறையிலிருந்து வருவது போல இருக்கிறது. இந்தச் சத்தமின்மையை நான் இத்தனை ஆண்டுகளாகத் தேடிக்கொண்டிருந்தேன் என்பது அங்கே நின்றபோதுதான் தெரிந்தது.

எங்கள் கட்டடம் அப்படியே நிற்கிறது. மூன்று மாடி, சிவப்புச் செங்கல். ஊரில் இருந்து வந்தவர்கள் முதலில் இறங்கும் கட்டடங்களில் ஒன்று. கோத்-டெ-நேஜ் என்ற எங்கள் பகுதியின் பெயருக்கே பிரெஞ்சில் 'பனிகளின் மேடு' என்றுதான் பொருள். எங்களுக்கு ஏழாம் இலக்க வீடு.

இலக்கம் ஏன் முக்கியம் என்று சொல்லவேண்டும். மொன்றியல் இருக்கும் கியூபெக் மாகாணச் சட்டப்படி குடிவந்தவர்களின் பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளிக்குத்தான் போகவேண்டும். மொழி தெரியாத பிள்ளைகளை முதலில் 'வரவேற்பு வகுப்பு' என்ற தனி வகுப்பில் வைப்பார்கள். அங்கே முதலில் கற்றுத்தந்தது எண்கள். கட்டடத்தில் இருந்த பிள்ளைகள் யாருக்கும் மற்றவரின் பெயர் வாயில் நுழையவில்லை. என் பெயரில் உள்ள 'ழ' அவர்களுக்கு எங்கே வரும்? எனவே கதவு இலக்கத்தால் கூப்பிட்டோம். பதினோராம் இலக்கத்தில் ஹெயிட்டியில் இருந்து வந்த அக்கா, தங்கை. அவர்கள் 'ஓன்ஸ்'. பதினைந்தாம் இலக்கத்தில் வியட்நாமியப் பையன், 'கேன்ஸ்'. மேல்மாடியில் பிலிப்பைன்ஸ் பையன், 'வேன்', அதாவது இருபது. நாங்கள் ஏழு. பிரெஞ்சில் ஏழு என்றால் 'செத்'.

பனி நின்ற ஒரு சனிக்கிழமை காலை நான்கு பிள்ளைகள் வாசலில் நின்று கதவைத் தட்டி "செத்! செத்!" என்று கத்துகிறார்கள். அம்மா கையில் அகப்பையுடன் வெலவெலத்துப்போய் நின்றார். "விடிந்தும் விடியாமலும் வாசலில் வந்து என்ன வார்த்தை இது?" அண்ணா விளக்கிச் சொன்ன பிறகும் அம்மாவுக்கு மனம் ஆறவில்லை. நெடுநாளாக, அந்தப் பிள்ளைகள் கதவைத் தட்டுவதற்கு முன்பே ஓடிப்போய்த் திறந்துவிடுவார், அந்தச் சொல் வாசலில் விழக்கூடாது என்று.

வெளியே புறப்படுவது ஒரு சடங்கு. இரண்டு காலுறை, அதற்கு மேல் வெறும் பால் பை, அதற்கு மேல் சப்பாத்து. இங்கே பால் பிளாஸ்ரிக் பையில் வரும். கழுவிக் காயவைத்த அந்தப் பைகளைக் காலில் மாட்டினால் ஈரம் உள்ளே போகாது. இதை அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தது பதினோராம் இலக்கத்துத் தாய். இரண்டு கையுறைகளையும் ஒரு நூலால் இணைத்து, மேலங்கியின் இரண்டு கைகளுக்குள்ளாலும் விட்டுவிடுவார்கள், தொலையாமல் இருக்க. பிறகு காற்சட்டைக்கு மேல் தடித்த பனிக் காற்சட்டை. இவ்வளவும் போட்டு முடித்த பிறகு எனக்குச் சிறுநீர் வரும். ஒவ்வொரு நாளும்.

விளையாட்டுகளில் பெரியது 'மலையின் அரசன்'. தெருவில் உழுது ஒதுக்கிய பனி, ஓரத்தில் மலையாகக் குவிந்திருக்கும். உச்சியில் ஒருவர் நிற்க, மற்றவர்கள் ஏறி அவரைத் தள்ளவேண்டும். பள்ளியில் அதற்குத் தடை. பனி உருண்டை எறியவும் தடை. 'பனி நிலத்திலேயே இருக்கவேண்டும்' என்று ஆசிரியர்கள் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். எங்கள் தெருவில் அந்தச் சட்டம் செல்லாது. உருண்டை பிடிக்க எல்லாப் பனியும் உதவாது என்பதை முதல் வாரத்திலேயே கற்றுக்கொண்டோம். கடும் குளிரில் விழுவது மாவு போல இருக்கும், கையை மூடினால் விரலிடுக்கால் ஓடிவிடும். சுழியத்துக்கு அருகில் வெப்பநிலை இருக்கும்போது விழுவதில் மெல்லிய நீர்ப்படலம் இருக்கிறது. அது ஒட்டும், பிட்டுக்குக் குழைத்த மா பதம் தவறிக் கட்டியாவது போல. அந்தப் பனி வந்தால் மாடிப்படிகளில் எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்கும் சத்தம் கேட்கும்.

யன்னலில் இருந்து அம்மா வளையலால் கண்ணாடியைத் தட்டினால் உள்ளே வரவேண்டும். அந்தச் சத்தம் தெருவின் மறுகோடிக்கும் கேட்கும். கேட்டும் கேளாதது போல இன்னும் ஒருமுறை மலையில் ஏறுவோம்.

இன்று அந்த யன்னலில் வேறு திரை. முன்னால் நான்கு பிள்ளைகள் ஒரு பிளாஸ்ரிக் தட்டில் ஒருவரை ஒருவர் இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சிறுமி எங்களைப் பார்த்துப் பிரெஞ்சில் கேட்டாள், "உங்கள் கார் மாட்டிக்கொண்டதா?" இல்லை என்றோம். அப்படியானால் ஏன் நிற்கிறீர்கள் என்ற கேள்வி அவள் முகத்தில் இருந்தது. நியாயமான கேள்வி.

14 பெப்ரவரி, வெள்ளி

மொன்ற் றோயல் மலைக்குப் போனோம். 1876இல் திறக்கப்பட்ட பூங்கா. நியூயோர்க்கின் சென்ட்ரல் பார்க்கை வடிவமைத்தவர்களில் ஒருவரான ஓம்ஸ்டெட்தான் இதையும் வடிவமைத்தார். 1938இல் வெட்டிய பீவர் குளத்தருகே பிள்ளைகள் சறுக்குகிறார்கள். அண்ணாவும் ஒரு தட்டு வாடகைக்கு எடுத்துக்கொண்டு மூன்று தடவை சறுக்கினான். நான் இரண்டு. முழங்கால் வலிக்கிறது.

எங்களுக்குச் சறுக்க வாய்த்தது வீட்டுக்கு அருகிலுள்ள கென்ட் பூங்கா. அதற்கு இப்போது மார்ட்டின் லூதர் கிங்கின் பெயர். குளிர்பெட்டி வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து அதில் ஐந்து பேர் ஏறுவோம். எடை கூடிய கேன்ஸ் முன்னால், நான் கடைசியில். அட்டை நனைந்து பிய்ந்துபோக, இறங்கி முடியும்போது ஆளுக்கொரு துண்டுதான் கையில் இருக்கும்.

ஆனால் இன்று எழுதவேண்டியது வேறு. மலையில் சில முதிய மரங்களின் கிளைகள் விசித்திரமான இடத்தில் முறிந்து, அங்கிருந்து புதிதாகக் கிளைத்திருக்கின்றன. அண்ணா காட்டினான். "98."

1998 ஜனவரி 5ஆம் திகதி தொடங்கி 10ஆம் திகதி வரை இந்த நகரத்தில் மழை பெய்தது. விழுந்த இடத்திலேயே உறையும் மழை. ஒவ்வொரு குச்சியும் விரல் தடிப்புக்குக் கண்ணாடி போர்த்திக்கொண்டது. மின்கோபுரங்கள் சுமை தாங்காமல் மடிந்து விழுந்தன, ஏறத்தாழ 1,000 கோபுரங்கள். கியூபெக்கில் 30 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இருளில் இருந்தார்கள். இரவு முழுவதும் மலைப் பக்கத்திலிருந்து கிளைகள் முறியும் சத்தம். ஒவ்வொரு முறிவுக்கும் அப்பா எழுந்து உட்காருவார்.

முதல் நாள் கட்டடமே திகைத்து நின்றது. அடுப்பு மின்சாரம், விளக்கு மின்சாரம், கடைகளில் மெழுகுதிரி தீர்ந்துவிட்டது. எங்கள் வீட்டில் மட்டும் யாரும் திகைக்கவில்லை. அம்மா குசினி அலுமாரியைத் திறந்து வெறும் ஜாம் போத்தல்களை எடுத்தார். அடியில் கொஞ்சம் எண்ணெய், பஞ்சுத் திரி, திரியைத் தூக்கிப் பிடிக்க ஒரு கம்பி. மின்சாரம் இல்லாத ஆண்டுகளில் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் எல்லோரும் படித்தது அந்த ஜாம் போத்தல் விளக்கில்தான். மண்ணெண்ணெய்த் தட்டுப்பாட்டில் மிகக் குறைவாகக் குடிக்கும் விளக்கு அது. இங்கே மண்ணெண்ணெய்க்குப் பதில் சமையல் எண்ணெய். அன்று மாலை ஏழாம் இலக்க வீட்டில் பதினான்கு பேர் இருந்தோம். ஓன்ஸ் வீட்டுத் தாய் வாழைக்காய்ப் பொரியல் மீதியைக் கொண்டுவந்தார். கேன்ஸின் பாட்டி ஒரு சொல்லும் பேசாமல் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எழுந்து போய்த் தன் வீட்டிலிருந்து வெறும் போத்தல்கள் இரண்டைக் கொண்டுவந்து அம்மா முன்னால் வைத்தார். அவருக்கும் அந்த விளக்கு தெரிந்திருந்தது.

பகலில் எங்களுக்குத் திருவிழா. பனிக்கு மேலே ஐஸ் ஓடு போட்டுவிட்டதால், அழுத்தாமல் நடந்தால் மேலேயே நடக்கலாம். அழுத்தினால் இடுப்புவரை உள்ளே. கிளைகளை வெட்ட இராணுவம் வந்தது. பச்சை உடுப்பைக் கண்டதும் அண்ணா என் கையைப் பிடித்து இழுத்துப் படிக்கட்டுக்குப் பின்னால் குந்தவைத்துவிட்டான். மற்றப் பிள்ளைகள் எதிர்ப்பக்கமாக ஓடினார்கள், அவர்களைப் பார்க்க. கேன்ஸ் ஒரு சிப்பாயின் தொப்பியைத் தொட்டுப் பார்த்தான். திரும்பி வந்து எங்களிடம், "மரம் வெட்டத்தான் வந்திருக்கிறார்கள்" என்றான். அண்ணா இன்னும் கொஞ்ச நேரம் என் கையை விடவில்லை.

இதை எழுதலாமா என்று அவனிடம் கேட்டேன். எழுது என்றான்.

15 பெப்ரவரி, சனி

ஓன்ஸ் வந்தாள். தங்கை ஓன்ஸ். அண்ணா அவளோடு தொடர்பை விடவே இல்லை என்பது எனக்கு இந்தப் பயணத்தில்தான் தெரியும். இப்போது தாதியாக வேலை செய்கிறாள், இரண்டு பிள்ளைகள். உணவகத்தின் கதவைத் திறந்ததும் அத்தனை பேருக்கு முன்னால் "செத்!" என்று கூப்பிட்டாள். என் பிரெஞ்சு துருப்பிடித்துவிட்டது, ஆனால் அந்த ஒரு சொல்லுக்கு உடனே எழுந்து நின்றேன்.

மூன்று மணிநேரம் பேசினோம். அவளுடைய அக்கா மயாமியில். கேன்ஸ் வன்கூவரில் என்று கேள்வி. வேன் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. இரும்புக் கைப்பிடியில் நாக்கை ஒட்டிக்கொண்டது வேன்தான் என்றாள் அவள். இல்லை, நான்தான். வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி விடுவித்தது அவளுடைய தாய். அந்தத் தண்ணீரில் சீனி போட்டிருந்தார். வலியை மறக்கவோ, அல்லது தேத்தண்ணீருக்கு வைத்திருந்ததோ, தெரியாது.

பிறகு நாங்கள் பனியில் கட்டிய கோட்டையைப் பற்றிச் சொன்னாள். "உன் அண்ணா கட்டினாரே, அந்த வளைந்த வீடு. உங்கள் நாட்டில் ஒவ்வொரு வீட்டுக்குக் கீழேயும் பிள்ளைகளுக்கென்று ஒரு குட்டி வீடு இருக்கும் என்றார். எனக்கு எவ்வளவு பொறாமை தெரியுமா? எங்கள் நாட்டில் ஏன் இல்லை என்று அம்மாவிடம் அழுதேன்."

அண்ணா கோப்பையைச் சுற்றிக்கொண்டிருந்தான். அவளுக்கு இன்றுவரை தெரியாது. அண்ணாதான் சொன்னான், மெதுவாக, பிரெஞ்சில். அதற்குப் பிரெஞ்சில் என்ன சொல் என்று அவன் தேடவேண்டி வந்தது.

16 பெப்ரவரி, ஞாயிறு

இரண்டாவது புயல். நான்கு நாட்களில் இந்த நகரத்தில் 70 சென்ரிமீற்றருக்கும் மேல் விழுந்திருக்கிறது. வெளியே போகவில்லை. விடுதி மேசையில் இருந்து கோட்டையைப் பற்றி எழுதுகிறேன்.

அது 1997, ஐஸ் புயலுக்கு முந்தைய பனிக்காலம். எங்கள் வாசலுக்கு நேரே தெருவோரம் குவிந்த மலை, என்னை விட உயரம். அதைக் குடைவது தவறு. பள்ளியில் காவல்துறையினர் வந்தே சொல்லியிருந்தார்கள், தெருவோரப் பனிக்குள் சுரங்கம் தோண்டாதீர்கள், இயந்திரம் வரும்போது உள்ளே ஆள் இருப்பது தெரியாது என்று. நாங்கள் தோண்டினோம். அதை இன்று நினைத்தால் அடிவயிறு குளிர்கிறது.

மற்றவர்களுக்கு வேண்டியது படத்தில் வருவது போன்ற இக்லு. நேரே ஒரு வாசல், வட்டமாக ஓர் அறை. அண்ணா கேட்கவில்லை. "நேரே வாசல் வைத்தால் சன்னம் நேரே உள்ளே வரும்" என்றான். துப்பாக்கிச் சன்னம் என்பதற்கு யாருக்கும் சொல் தெரியாததால் கையால் காட்டினான். வாசலில் நுழைந்து இரண்டு முழம் தவழ்ந்து, பிறகு வலப்பக்கம் திரும்பவேண்டும். 'எல்' வடிவம். கழித்துப் போட்ட ஓர் அலுமாரிக் கதவையும் துணி மினுக்கும் மேசையையும் குறுக்கே வைத்து, அதன்மேல் பனியைப் போட்டு மிதித்து இறுக்கினான். ஊரில் எங்கள் வளவுக்குள் இருந்த பங்கருக்கு, அந்தப் பதுங்குகுழிக்கு, பனங்குற்றி அடுக்கி மண்மூட்டை போட்டது போலவே. வாளியில் தண்ணீர் கொண்டுவந்து வெளிச்சுவரில் ஊற்றினோம். விடியும்போது கல்லாகிவிட்டது. நான்கு நாள் வேலை. கடைசி நாள் ஆறு பேரும் உள்ளே முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தோம். உள்ளே வெளிச்சம் நீலமாக இருந்தது. பேச்சு வெளியே போகவில்லை. ஓன்ஸ் அக்கா பாடினாள்.

வளையல் சத்தம் கேட்கவில்லை. கேட்டிருக்காது. அம்மா தேடிக்கொண்டு கீழே இறங்கி வந்துவிட்டார். அடி விழும் என்று நான் அண்ணாவுக்குப் பின்னால் ஒளிந்தேன். அம்மா வாசலைப் பார்த்தார். குனிந்து, அது திரும்பும் இடத்தைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, கூரையில் உள்ளங்கையை வைத்து, தன் முழுப் பாரத்தையும் கொடுத்து அழுத்திப் பார்த்தார். அசையவில்லை. ஒன்றும் பேசாமல் மேலே போய்விட்டார்.

அன்றே மாலை செம்மஞ்சள் பலகைகளை நட்டுவிட்டார்கள். இங்கே பனியை ஓரத்துக்கு ஒதுக்குவதோடு விடுவதில்லை, அள்ளிக்கொண்டே போய்விடுவார்கள். பலகை வைத்தால் வாகனங்களை எடுத்துவிடவேண்டும். எடுக்காதவர்களுக்கு இழுவை வண்டி சங்கு ஊதிக்கொண்டு வரும், இரண்டு சுரத்தில், ஏறி இறங்கி. நாங்கள் வந்த முதல் மாதம் அந்தச் சங்கு நள்ளிரவில் கேட்டபோது அம்மா எங்கள் இரண்டு பேரையும் கட்டிலுக்கடியில் இழுத்துக்கொண்டார். அப்பா வேலை முடித்து அதிகாலை வந்தபோது மூவரும் அங்கேயே தூங்கிக்கொண்டிருந்தோம்.

கோட்டை கட்டிய அந்த இரவும் சங்கு கேட்டது. பிறகு பனியை அரைத்து லொறிக்குள் ஊதும் இயந்திரத்தின் இரைச்சல். நானும் அண்ணாவும் யன்னலில் நின்றோம். இயந்திரத்துக்கு முன்னால் ஒருவர் நடந்து வந்தார். எங்கள் மலையருகே நின்று குனிந்து விளக்கு அடித்துப் பார்த்தார், அலுமாரிக் கதவையும் மேசையையும் இழுத்துப் புல்தரைப் பக்கம் எறிந்தார். பிறகு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நான்கு நாள் வேலை, ஒரு லொறியின் பாதிகூட நிறையவில்லை.

அடுத்த நாள் அதை எங்கே கொண்டுபோனார்கள் என்று விவாதம். ஆற்றுக்கு என்றான் வேன். வடதுருவத்துக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றாள் தங்கை ஓன்ஸ். அண்ணா ஒன்றும் சொல்லவில்லை.

18 பெப்ரவரி, செவ்வாய்

இன்று பயணத்தின் கடைசி நாள். அது எங்கே போனது என்று பார்க்கப் போனோம்.

நகரின் கிழக்கே சென்-மிஷேல் பகுதியில் பிராங்கோன் என்ற பழைய சுண்ணாம்புக்கல் அகழி இருக்கிறது. இந்த நகரத்தின் கட்டடங்களுக்குக் கல் எடுத்து எடுத்து உண்டான பெரும் பள்ளம். இப்போது மொன்றியலின் பனியில் பெரியதொரு பங்கு அதற்குள்தான் போகிறது. ஒரு பனிக்காலத்தில் ஏறத்தாழ 3 இலட்சம் லொறிப் பாரம் பனியை நகரம் முழுவதும் அள்ளுகிறார்கள். ஒரு பகுதி சாக்கடைக் குழிகள் வழியாகச் சுத்திகரிப்புக்குப் போகும், மற்றவை இப்படிக் கொட்டப்படும். முன்பு சென் லோரன்ஸ் ஆற்றிலும் கொட்டினார்கள், உப்பும் எண்ணெயும் கலந்த பனி என்பதால் பின்னர் நிறுத்திவிட்டார்கள். வேன் சொன்னது முழுப் பிழையில்லை.

வேலிக்கு இப்பால்தான் நிற்கமுடியும். மறுகரையில் லொறிகள் வரிசையாகப் பின்னோக்கி வந்து விளிம்பில் நின்று கொட்டின. விழும்போது வெள்ளையாகத் தெரிந்தது, விழுந்தபின் சாம்பல் நிறம். சத்தம் கொஞ்சம் பிந்தித்தான் எங்களிடம் வந்தது. கீழே ஒரு மலை. அது கோடையிலும் முழுதாக உருகுவதில்லை. அழுக்கும் கல்லும் மேலே போர்வையாகப் படிந்து, உள்ளே இருப்பதை வெயிலிடமிருந்து காத்துவிடுகிறது.

அண்ணா அம்மாவுக்கு வீடியோ அழைப்பு எடுத்தான். தொலைபேசியை வேலிக் கம்பிக்கு மேலே தூக்கிப் பிடித்துக் காட்டினான்.

"அம்மா, எங்கள் பங்கர் இங்கேதான் வந்திருக்கிறது."

அம்மா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தார். ஒரு லொறி கொட்டி முடிக்கும்வரை பேசவில்லை. பிறகு, "அன்று இரவு நான் கீழே போனேன்" என்றார்.

எங்கள் இருவருக்கும் தெரியாது. ஞாயிறு எழுதியதில் நாங்கள் யன்னலில் நின்றதைச் சொன்னேன். அதற்கு முன்பு, சங்கு கேட்டவுடன், நாங்கள் எழும்புவதற்குள், அம்மா மேலங்கியைப் போட்டுக்கொண்டு விளக்குடன் இறங்கிப் போயிருக்கிறார். பள்ளியில் கொடுத்த காவல்துறைத் துண்டுப்பிரசுரத்தை அப்பாவிடம் வாசித்துக் கேட்டிருந்தாராம். எந்த வீட்டுப் பிள்ளையாவது உள்ளே படுத்துவிட்டதோ என்று பார்க்க.

"தவழ்ந்து உள்ளே போனீர்களா அம்மா?" என்று கேட்டேன்.

"போகாமல் எப்படிப் பார்ப்பது? திரும்பும் இடத்தில் தலை தட்டவில்லை. ஊரில் நம்முடையதில் தட்டும். தம்பி இதைச் சரியாகத்தான் வெட்டியிருந்தான்."

அண்ணா தொலைபேசியை என் கையில் தந்துவிட்டு மறுபக்கம் திரும்பி நின்றான்.

"யாரும் இல்லை" என்றார் அம்மா. "ஒரு கையுறை கிடந்தது. எடுத்துக்கொண்டேன். உள்ளே குளிரவே இல்லை பிள்ளை. இயந்திரம் இன்னும் தூரத்தில்தான் நின்றது. கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்தேன்."